சூரியனிலிருந்து வீசும் காற்று

வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் வால் பின்னே நீள்கிறது. விலகிச் செல்லும்போதோ முன்னே நீள்கிறது. எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்த்திசையே அதன் திசை. 1951-இல் லுட்விக் பியர்மான் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, சூரியனிலிருந்து இடையறாது வெளிப்படும் துகள்களே அவ்வாலைத் தள்ளுகின்றன என்றார். அத்துகள்கள் வெளிப்படுவானேன்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி யூஜீன் பார்க்கர்.

1927-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த பார்க்கர், நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள தூசியையும் வாயுவையும் ஆராய்ந்து 1951-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1955-இல் சிக்காகோ பல்கலைக் கழகத்தை அடைந்தார். சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்டது. அத்துணை வெப்பமுள்ள வாயுவைச் சூரியனின் ஈர்ப்பு கட்டி நிறுத்த இயலாது. அது விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்ந்தே தீரும் என்று அவர் கணக்கிட்டார். அதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயரும் இட்டார்.

1958-இல் அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர் இருவரும் அதனை ஏற்க மறுத்தனர். ஆனால் அவ்வான நூல் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகம் விட்டு லாகூரில் வாழ்ந்த காலத்தில், 1910-இல் அந்நகரிற் பிறந்தவர் அவர். பார்க்கரின் கருத்து அவருக்கும் உவப்பாயில்லை. எனினும், மறுத்தவர்கள் கணக்கில் பிழையொன்றும் காட்டவில்லை என்பதைக் கண்டு, கட்டுரையை வெளியிட்டார். 1935-இல் லண்டனில் எடிங்டன் என்னும் பேரறிஞர், இளைஞரான சந்திரசேகரின் நட்சத்திர ஆராய்ச்சியைச் சபையிலேயே எள்ளி நகையாடினார் என்பதை நாம் இங்கு நினைவு கூர்தல் தகும்.

சோவியத் நாட்டின் லூனா கலங்கள் 1959-இல் இக்காற்றின் அறிகுறிகளைக் கண்டன. 1962-இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மாரினர்-2, அது இடைவிடாது வீசுவதை மாதக்கணக்கில் அளந்து காட்டியது. துருவப் பகுதிகளில் வானை ஒளிரச் செய்வதும் இக்காற்றே. சூரியனில் கொந்தளிப்பு மிகும்போது பூமியின் காந்தப் புலம் கலங்குகிறது; சிற்றலை ஒலிபரப்பும் தடைப்படுகிறது. தொலைதூர ஊர்களிலிருந்து தமிழ் நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இத்தொல்லை புதிதன்று.

இக்காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வாயு எதிர்த்து நிற்குமிடத்தில் அது ஓய்கிறது. 2012 ஆகஸ்டில், சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில், வாயேஜர்-1 அவ்வெல்லையைக் கடந்தது. பார்க்கர் தம் இளமையில் ஆராய்ந்த அதே வெளியில் மனிதன் செய்த கருவியொன்று முதன்முறையாக நுழைந்தது.

2018-இல் தம் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதினரான பார்க்கர் அதை நேரிற் கண்டார்; 2022-இல் காலமானார். 2024 டிசம்பரில் அக்கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகே சென்றது. தமக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் சஞ்சிகையில் இடமளித்த ஆசிரியரின் நடுவுநிலைமைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.