மறுமொழி வராத காதல்: கைக்கிளை முதல் ஒருதலை ராகம் வரை

‘ஒருதலைக் காதல்’ என்ற தொடரை இன்று தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரைப்பட விமர்சனத்தில் அது வருகிறது. கல்லூரி விடுதிப் பேச்சில் ‘ஒன் சைடு’ என்று சுருங்கி வருகிறது. நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்திலும் வருகிறது. திரையில் கண்ணீரை வரவழைக்கும் அதே சொல், செய்தித்தாளில் கத்திக்கும் அமிலத்துக்கும் காரணமாக எழுதப்படுகிறது. ஒரு சொல் எப்படி இந்த இரண்டு இடங்களுக்கும் வந்து சேர்ந்தது? அதை அறிய, அதன் மூத்த பெயரான கைக்கிளையிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலம் இல்லாத திணை

தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணைகளை ஏழு என்கிறது. முதலில் கைக்கிளை, இறுதியில் பெருந்திணை, இடையில் முல்லை, குறிஞ்சி, பாலை, மருதம், நெய்தல். இடைப்பட்ட ஐந்தும் இருவரும் ஒத்த அன்பைப் பாடுபவை. அவற்றுக்கு மலையும் காடும் வயலும் கடலும், பொழுதும் பூவும் பறவையும் உண்டு. கைக்கிளைக்கு இவற்றில் எதுவும் இல்லை. எந்த நிலத்திலும் எந்தப் பொழுதிலும் ஒருவருக்கு வந்துவிடக்கூடிய நிலை அது என்பதால், தனி நிலம் வகுக்கத் தேவைப்படவில்லை.

‘கிளை’ என்பது உறவு. கிளைஞர், கேளிர் ஆகிய சொற்களில் அது வாழ்கிறது. தென்மாவட்டங்களில் சில சமூகங்கள் தம் குலப்பிரிவை இன்றும் கிளை என்றே சொல்கின்றன. ‘கை’ என்பதற்குச் சிறுமை என்று பொருள் கொள்ளலாம். கைக்குட்டை, கையேடு என்பவற்றில் அந்தச் சிறுமை தெரிகிறது. பக்கம் என்றும் கொள்ளலாம். வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம் என்கிறோம். தனிமை என்றும் கொள்ளலாம்; கைம்மை, கைம்பெண் என்ற சொற்கள் அதற்குச் சான்று. சிறிய உறவு, ஒரு பக்கத்து உறவு, தனித்த உறவு என்ற மூன்றும் இந்தச் சொல்லுக்குப் பொருந்துகின்றன.

தொல்காப்பியர் கைக்கிளைக்குத் தரும் விளக்கத்தில் ஒரு கூறு நின்று கவனிக்கத்தக்கது. காதலை இன்னும் அறியாத ஒருத்தியிடம் ஒருவன் பேசுகிறான், மறுமொழி பெறுவதில்லை, சொல்வதிலேயே இன்பம் கொள்கிறான். அவளிடமிருந்து ஒத்த மறுமொழி வருவதற்கு இடமே இல்லாத உறவு அது. ஆகவேதான் அன்பின் ஐந்திணைக்கு வெளியே அதை நிறுத்தினார்கள். குறைபடுவது மறுமொழி என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. சொல்லோடு அவன் செயல் முடிந்துவிடுகிறது என்பதையும் அதுவே சொல்கிறது.

புறத்திணையில் கைக்கிளைக்கு இணையாக அவர் வைப்பது பாடாண் திணை. புலவன் வள்ளலைப் பாடுகிறான். கொடுப்பதும் மறுப்பதும் வள்ளலின் விருப்பம். வேண்டுகிறவர் ஒரு பக்கம் நிற்க, முடிவு மறுபக்கத்தில் இருக்கும் உறவு இது. காதலையும் கொடையையும் இந்த ஓர் ஒற்றுமையால் இணைத்துப் பார்த்த இலக்கணம் நம்முடையது.

நக்கண்ணையார்

இலக்கணம் ஆணை வைத்துச் சொன்ன கைக்கிளையை, ஒரு பெண் தன் குரலில் பாடியிருக்கிறார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி மீது காதல் கொண்டு பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83, 84, 85 என்ற எண்களில் உள்ளன. மூன்றுக்கும் திணை கைக்கிளை. அவன் மற்போர் வீரன். அவனைத் தழுவ ஆசை. தாயை நினைத்தால் அச்சம், அவையை நினைத்தால் நாணம். அவன் வென்றான் என்றும் இல்லை என்றும் ஊர் இரண்டு விதமாகப் பேசும்போது, இவர் ஓடிச் சென்று பனைமரத்தில் சாய்ந்து நின்று தன் கண்ணால் பார்க்கிறார். அவன் திரும்பிப் பார்த்ததாகப் பாட்டில் இல்லை.

இன்னான் என்று அறியப்பட்ட ஒருவனைப் பாடியதால் இவை அகத்தில் சேராமல் புறத்துக்குப் போயின. அகத்தில் தலைவன், தலைவி என்று பெயரில்லாமல் பேச வேண்டும். நக்கண்ணையாரின் காதலன் பெயருள்ளவன், ஊர் அறிந்தவன். அதனால்தான் இந்தக் குரல் அத்தனை அருகில் கேட்கிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை கைக்கிளையை ஆண்பாற் கூற்று, பெண்பாற் கூற்று என்று பிரித்தே இலக்கணம் சொன்னது. பெண்ணும் ஒருபக்கமாகக் காதலிக்கலாம், அதை வாய்விட்டும் சொல்லலாம் என்று ஏட்டில் ஏறிவிட்டது.

ஒருதலை

‘ஒருதலை’ என்ற சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. தலை என்றால் இங்கே பக்கம், முனை. இருதலைக் கொள்ளி எறும்பு, ஒருதலைப்பட்சமான தீர்ப்பு என்ற வழக்குகளில் இந்தப் பொருள் இருக்கிறது. திருக்குறளின் 1196ஆம் குறள் காமத்தோடு இந்தச் சொல்லைச் சேர்க்கிறது. தோளில் சுமக்கும் காவடியை வள்ளுவர் உவமையாக்குகிறார்: இரண்டு பக்கமும் சுமை இருந்தால் இனிமை, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் துன்பம். இதைச் சொல்பவள் ஒரு பெண் என்பதை மறக்கக் கூடாது. தனிப்படர் மிகுதி என்ற அதிகாரம் முழுவதும் அவளுடைய பேச்சு.

அதே வள்ளுவர் அதே சொல்லை வேறு பொருளிலும் ஆள்கிறார். 357ஆம் குறளிலும், அமைச்சர் பற்றிய 634ஆம் குறளிலும் ‘ஒருதலையா’ என்பதற்கு உறுதியாக, ஐயமில்லாமல் என்று பொருள். முடிவு ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் அது உறுதி. அன்பு ஒரே பக்கம் நின்றுவிட்டால் அது துயரம். ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் இருந்தன. உறுதி என்ற பொருள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது, துயரம் தங்கியது.

13ஆம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி எழுதிய நம்பியகப்பொருள் கைக்கிளையை ஒருதலைக் காமம் என்றும், ஐந்திணையை அன்புடைக் காமம் என்றும், பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றும் வகுத்தது. இன்று நாம் சொல்லும் தொடரின் நேரடி மூதாதை இதுதான். காமம் என்பது அன்றைக்குக் காதலுக்குரிய முழுச் சொல். பின்னால் அது உடல் வேட்கை என்று குறுகியது. அதன் இடத்தில் காதல் வந்து அமர, ஒருதலைக் காமம் ஒருதலைக் காதல் ஆயிற்று.

மடல்

மறுமொழி வராதவன் என்ன செய்யலாம் என்பதற்கும் பழைய மரபில் ஒரு வரையறை இருந்தது. பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர்த்தெருவில் ஏறி வருவது மடலேறுதல். மடலேறுவேன் என்று சொல்வது ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையிலேயே ஏறிவிட்டால் அது பெருந்திணை. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் இலக்கணம் கோடு கிழித்திருக்கிறது.

மடல் அவளையும் ஊர்வாய்க்கு இழுக்கும் வழக்கம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் பனங்கருக்கு கிழிப்பது ஏறியவனின் உடலை. பெண்கள் மடலேறுவதில்லை என்று குறள் சொல்ல, திருமங்கையாழ்வார் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் பெண்ணாக நின்று கண்ணனுக்காக மடலேறுவேன் என்றார். இறைவனிடம் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டப் பக்திக்கு உரிமை இருந்தது.

திரை தந்த நிலம்

கைக்கிளைக்கு இல்லாதிருந்த நிலத்தைத் தமிழ்த் திரைப்படம் கொடுத்தது. கல்லூரித் தாழ்வாரம், ரயில் பெட்டி, பேருந்து நிறுத்தம் ஆகியவையே அந்த நிலம். 1980இல் வந்த ‘ஒருதலை ராகம்’ இதை நிலைநாட்டியது. இயக்குநர் என்று பெயர் வந்தது தயாரிப்பாளர் ஈ. எம். இப்ராகிமுக்கு, கதையும் பாடல்களும் அவற்றின் இசையும் டி. ராஜேந்தருடையவை. புதுமுகங்கள், கல்லூரி, நாள்தோறும் போய்வரும் ரயில். அவன் காதலைப் பாடிக்கொண்டே இருக்கிறான். அவளும் அவனை விரும்புகிறாள். வீட்டு நிலைமை வாயைக் கட்டுகிறது. சொல்லிவிடலாம் என்று அவள் துணிந்து வரும்போது அவன் உயிரோடு இல்லை.

கூர்ந்து பார்த்தால் அந்தப் படத்தில் காதல் இருதலையாகவே இருந்தது. பாட்டு மட்டும்தான் ஒருதலை. தொல்காப்பியர் சொன்ன மறுமொழியின்மை அங்கே வேறு வடிவில் வந்து நிற்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பழந்தமிழ் ஏழிசையில் மூன்றாவது சுரத்தின் பெயரும் கைக்கிளை. காதலையும் இசையையும் ஒரே பெயரால் அழைத்த மொழியில், ஒருதலையும் ராகமும் சேர்ந்து ஒரு படத்தின் பெயரானது.

கதிர் இயக்கிய ‘இதயம்’ 1991இல் வந்தது. மருத்துவக் கல்லூரி மாணவனாக முரளி, நாயகியாக ஹீரா. இங்கே காதல் வாய்வரை வந்து வந்து திரும்புகிறது. கடைசியில் மறுமொழி கிடைக்கும் காலத்தில், மகிழ்ச்சியைக்கூடத் தாங்க முடியாத நிலையில் அவன் இதயம் இருக்கிறது. ‘தேவதாஸ்’ கதையை வேறு கண்ணால் பார்க்கலாம். 1953இல் தமிழில் வந்த அந்தப் படத்தின் நாயகன் பெயரைக் காதலில் தோற்ற எல்லாருக்கும் பொதுப்பெயராக வைத்துவிட்டோம். தாடி வளர்த்தாலே தேவதாஸ் என்கிறோம். ஆனால் தேவதாசும் பார்வதியும் ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். கைக்கிளைக்கு உரியவள், அவனை ஒருபக்கமாக விரும்பிய சந்திரமுகி. அவள் பெயரில் யாரையும் நாம் அழைப்பதில்லை.

விக்ரமனின் ‘பூவே உனக்காக’ 1996இல் வந்தது. தான் விரும்பிய பெண் வேறொருவரை விரும்புகிறாள் என்று அறிந்த நாயகன், பகைத்து நிற்கும் இரண்டு குடும்பங்களையும் ஒன்றுசேர்த்து அவளுக்குத் திருமணம் நடத்தி வைக்கிறான். தன் காதலை மனத்தில் வைத்துக்கொண்டு விலகிப் போகிறான். கைக்கிளையின் கண்ணியத்தைத் தமிழ்த் திரையில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய வெற்றிப் படம் என் நினைவில் இல்லை.

வேறொரு வழியும் பெருகியது. மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகத் தொடர்வது, வழிமறிப்பது, கடத்திக்கொண்டு போவது, பல படங்களில் கடைசியில் அவள் மனம் மாறுவது. ‘குணா’, ‘சேது’, ‘காதல் கொண்டேன்’ ஆகிய மூன்றும் நடிப்பாலும் ஆக்கத்தாலும் உயர்ந்த படங்கள். மூன்றிலும் பெண் தன் விருப்பமின்றியோ உண்மை அறியாமலோ கொண்டுபோகப்படுகிறாள். நாயகனின் வேதனையை நம் நெஞ்சில் இறக்கிய அளவுக்கு, அவளுடைய அச்சத்தை அவை இறக்கவில்லை. மறைந்துபோன ‘உறுதி’ என்ற பொருள் இந்த வழிப் படங்களில் தவறான உருவில் திரும்பி வந்தது. அவள் ஐயமில்லாமல் என்னை விரும்புவாள் என்ற முடிவோடு நாயகன் நடக்கிறான். கதையும் அவனுக்குத் துணை போகிறது.

பெண்ணின் கைக்கிளைக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1999இல் ‘படையப்பா’வின் நீலாம்பரி ஒருதலையாகக் காதலித்தாள், கதை அவளை எதிரியாக்கியது. அவளுடைய பழிவாங்கலை யாரும் காதல் என்று பாராட்டவில்லை. அது சரியான தீர்ப்புதான். அதே அளவுகோல் ஆண்களுக்கும் வைக்கப்பட்டிருக்க வேண்டும். நக்கண்ணையாரின் மண்ணில், பெண் தன் காதலைச் சொல்லி மறுமொழிக்குக் காத்திருக்கும் படங்கள் இன்னும் கூடுதலாக வந்திருக்க வேண்டும்.

சொல்லைக் காப்போம்

2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம் என்றது அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. சட்டத்துக்கு அந்தச் செயலின் பெயர் பின்தொடர்தல். காதல் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

நாளிதழ்கள் மட்டும் கொலைக்கும் அமில வீச்சுக்கும் ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்பிட்டு வருகின்றன. இது சொல்லுக்கு இழைக்கும் அநீதி. தாக்கப்பட்ட பெண்ணுக்கு இழைக்கும் பெரிய அநீதி. கைக்கிளை சொல்லோடு நின்ற அன்பு. தொல்காப்பியரின் விளக்கத்தில் வன்முறைக்கு இடமே இல்லை. மடலேறியவன்கூடக் கிழித்துக்கொண்டது தன் உடலைத்தான்.

செய்தி ஆசிரியர்களுக்கும் திரைக்கதை எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். தாக்குதலைத் தாக்குதல் என்றும், பின்தொடர்தலைப் பின்தொடர்தல் என்றும் எழுதுங்கள். மறுமொழி வரவில்லை என்று அறிந்து, அதை மதித்து, அன்பை மட்டும் சுமந்து விலகுகிறவர்களுக்கே ஒருதலைக் காதல் என்ற பெயர் உரியது.