ஓர் அடிகளின் சோறும் பள்ளிச்சந்தமும்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில் உள்ள ஐவர்மலையின் பழம்பெயர் அயிரைமலை. அதன் குகைத்தளப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு சகம் 792, அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்தார். திருவமுது முட்டாது நடக்கவும், ஓர் அடிகளுக்குச் சோறிடவும் 505 காணம் பொன் வைத்தார்.

முதல் வைப்பதனால் மட்டும் அறம் நிலைத்துவிடாது. அறநிலத்தின் விளைவில் அரசு இறை கொண்டால் துறவியின் உணவு குறையும். இதனை உணர்ந்த தமிழ் வேந்தர், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலங்களைப் பள்ளிச்சந்தம் என வகுத்து, இறை நீக்கி அளித்தனர். பல்லவன் சிம்மவர்மன் வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரை அளித்ததைக் கூறும் பள்ளன்கோயில் செப்பேடு, இதற்குத் தொன்மையான சான்றுகளுள் ஒன்று.

விலக்கு அளித்த பின்னரும் வரி புகுந்ததுண்டு. ஆர்க்காட்டிற்கு அருகிலுள்ள திருப்பான்மலைக்குக் கூறகன்பாடி என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக இருந்தது. முன்னிருந்த இலாடராயர்கள் அவ்வூரிலிருந்து கர்ப்பூரவிலை என்னும் வரியைக் கொண்டமையால் பள்ளியின் அறம் குலைந்தது. முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டில், இலாடராயன் வீரசோழன் திருமலையை வழிபட வந்தபோது, அவன் தேவி இக்குறையை எடுத்துரைத்தாள். அவன் அவ்வரியை நீக்கிக் கல்லில் வெட்டுவித்தான். மீறிக் கொள்வோர் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டோர் செய்த பாவமெல்லாம் கொள்வர் என்றும் எழுதுவித்தான்.

இன்று அக்காவலைச் சட்டம் ஏற்றுள்ளது. 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், பதிவுபெற்ற அறநிறுவனங்களின் அறப்பணிச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. ஆயினும் அன்னதானத்திற்கு வாங்கும் நெய்க்கும் சர்க்கரைக்கும் வரி செலுத்தியே ஆகவேண்டும். 2018இல் நடுவண் அரசு அறிவித்த சேவா போஜ் திட்டம், இத்தகைய பொருள்கள் மீதான வரியில் நடுவண் அரசின் பங்கை மட்டும் திருப்பித் தர முன்வந்தது. அதனைப் பெற, மாதம் 5,000 பேருக்கேனும் இலவச உணவு வழங்கவேண்டும் என்பது விதி.

அயிரைமலையில் உண்டவர் ஓர் அடிகளே. அந்த ஒருவருக்குரிய சோற்றையும் கணக்கிட்டுக் கல்லில் எழுதினர் நம் முன்னோர். அறச்சாலை சிறிதாயினும், அதன் பதிவும் கணக்கும் செம்மையாக இருத்தல் வேண்டும். வரிவிலக்கு பள்ளிக்குக் கிடைத்த ஊதியமன்று. உண்பவருக்காகக் காக்கவேண்டிய அடைக்கலப் பொருள்.