பொட்டலத்தில் கட்டிய உயிர்

1971. கிழக்கு வங்காளப் போருக்குத் தப்பிய அகதிகள் மேற்கு வங்க எல்லை ஊரான பங்காவ்னில் குவிந்தார்கள். பின்னாலேயே காலராவும் வந்தது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். வாந்தியும் பேதியும் கலந்த ஈரத்தில் மண்டியிட்டுத்தான் டாக்டர் திலீப் மகலனோபிஸ் நரம்பில் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சலைனும் தீரும் நிலை.

துணிந்து ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டி, குடிநீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பச் செய்தார். குவளையில் பிடித்துப் புகட்டியவர்கள் தாய்மாரும் உறவினரும். படிக்காதவர்கள் கையில் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று தயங்கிய காலம் அது! முகாமில் காலரா நோயாளிகளிடையே சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பை நன்றாக உள்ளிழுக்கும். உப்போடு நீரும் போகும். பேதி உடனே நிற்காது, ஆனால் உடம்பு வற்றாது. உயிரைப் பறிப்பது அந்த வறட்சிதான்.

1980 முதல் வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் இதே முறையைத் தாய்மாருக்குக் கற்றுத்தர வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கரைத்துக் காட்டினார்கள். கற்றதைத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ, அதைப் பொறுத்தே அந்தப் பெண்களுக்குச் சம்பளம்.