கழுத்துப்பட்டையும் 28 பாகையும்



கடந்த பள்ளி விடுமுறையில் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் இரண்டு நாள் அமர்ந்திருந்தேன். வெளியே கொளுத்தும் வெயில். மண்டபத்திலோ ஆசிரியைகள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடுங்கினர். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பேச்சாளர் மட்டும் இதமாக இருந்தார். யாருடைய உடலுக்காக இந்தக் குளிர் அளக்கப்படுகிறது என்னும் வினா என்னை விட்டு அகலவில்லை. இவ்வினாவை ஜப்பான் இருமுறை எதிர்கொண்டிருக்கிறது.

முதன்முறை 1979இல். இரண்டாம் எண்ணெய் நெருக்கடியின்போது, மின்சாரத்தைச் சேமிக்கப் பிரதமர் மசயோஷி ஓஹிரா அரைக்கை கோட்டு அணிந்து மக்கள்முன் தோன்றினார். நல்ல நோக்கந்தான், ஆனால் பார்த்தவர்கள் நகைத்தனர். கோட்டின் கையை மட்டும் வெட்டியது போன்ற அவ்வுடை பரவவே இல்லை. 1994இல் பிரதமரான ட்சுதோமு ஹாத்தா மட்டும் அதனை நெடுங்காலம் விடாது அணிந்துவந்தார்.

இரண்டாம் முறை 2005இல். கியோத்தோ உடன்படிக்கை அவ்வாண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே 'கூல் பிஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். கோடைக்காலத்தில் அலுவலக வெப்பநிலை 28 பாகை செல்சியஸ். கோட்டும் கழுத்துப்பட்டையும் வேண்டா. பிரதமர் ஜுனிச்சிரோ கொய்சுமியே வெறுங்கழுத்துடன் பணிக்கு வந்தார். ஐச்சி உலகக் கண்காட்சியில் பெருநிறுவனத் தலைவர்கள் அவ்வுடையில் மேடையேறி நடந்து காட்டினர்! மேலதிகாரி கழற்றினாலன்றிக் கீழுள்ளவர் கழற்றமாட்டார் என்பதை அமைச்சு நன்கு அறிந்திருந்தது. ஓஹிரா புதிய உடையொன்றை அணியச் சொன்னார். கொய்கேயோ இருப்பதைக் கழற்றச் சொன்னார். வெற்றிக்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

முதற்கோடையில் 4 இலட்சத்து 60 ஆயிரம் டன் கரியமில வாயு குறைந்ததாக அமைச்சு மதிப்பிட்டது. கழுத்துப்பட்டை உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். கோட்டணிந்த ஆடவருக்கென வைத்த குளிரில் மெல்லுடைப் பெண்கள் நோயுற்றது அங்கு நெடுநாள் குறை. 'குளிரூட்டி நோய்' என்று அதற்குப் பெயரே உண்டு. அவர்களுக்கு இது விடுதலை. 2011 நிலநடுக்கத்திற்குப் பின் மின்தட்டுப்பாடு வரவே, கட்டுப்பாடு மேலும் தளர்ந்து போலோ சட்டைகளும் அலுவலகம் புகுந்தன.

ஆனால், 28 என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1970ஆம் ஆண்டுக் கட்டடச் சுகாதாரச் சட்டம் 17 முதல் 28 வரை ஏற்புடையது என்றது. அதன் மேல் எல்லையே இலக்காயிற்று. எல்லை வேறு, இதம் வேறு அல்லவா? வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷினிச்சி தனாபே ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்தை ஆராய்ந்து, வெப்பம் கூடக்கூடப் பணியாளர் ஏற்கும் அழைப்புகள் குறைவதைக் காட்டினார். 2017இல், இயக்கத்தின் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் அமைச்சில் பணிபுரிந்த மசஹித்தோ மொரியாமா, அவ்வெண்ணுக்கு அறிவியல் அடிப்படை இருக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். 28 என்பது அறையின் வெப்பநிலையே, பொறியில் அழுத்தும் எண்ணன்று என்று அமைச்சு விளக்கிவருகிறது.

நம் அரசு அலுவலகங்களிலும் 24 பாகைக்குக் கீழே குளிரூட்டலாகாது என்று 2011இல் பணிக்கப்பட்டது. எங்கள் மண்டபச் சுவரிலிருந்த பொறி 18 என்று காட்டியது. அதுவும் பொறியின் எண்தானே! அடுத்த பயிலரங்கிற்குப் பள்ளி அறிவியல் அறையின் வெப்பமானியை எடுத்துச் செல்வதாக இருக்கிறேன்.