ஒரு டாலர் அறுபது சென்ட்

1968 ஏப்ரலில் அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் டக்ளஸ் நைட்டிடம் நான்கு கோரிக்கைகள் வைத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்குக்குத் துக்க நாள் கேட்கும் பத்திரிகை விளம்பரத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். கறுப்பர்களைச் சேர்க்காத ஹோப் வேலி கன்ட்ரி கிளப்பிலிருந்து விலக வேண்டும். வளாக ஊழியர்களுக்கு மணிக்கு 1.60 டாலர் கூலி கிடைக்கப் பாடுபட வேண்டும். தொழிற்சங்க அங்கீகாரம், கூட்டுப் பேரம் பற்றி ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1.50 அல்ல, 2 அல்ல, ஏன் 1.60?

இந்தக் கோரிக்கைகளுக்காக நடந்த போராட்டத்தின் துண்டறிக்கைகளும் படங்களும் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் நூலகத்தில் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன. தேவாலயத்துக்கு முன்னுள்ள புல்வெளியில் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். உச்சத்தில் ஏறத்தாழ 1,500 பேர், பெரும்பாலும் வெள்ளையர். (புல்வெளியைச் சுற்றியுள்ள கட்டடங்களை வரைந்தவர் ஜூலியன் ஏபல் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். புல்வெளிக்கு அவர் பெயரை வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு 2016 வரை ஆயிற்று.) அதே நாள்களில் உணவுக்கூடத் தொழிலாளர்களும் விடுதி துப்புரவாளர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் வரலாற்றில் நின்றது மாணவர்களின் மௌன அமர்வு என்ற பெயர்தான்.

1.60 என்ற எண்ணுக்கான விடை அந்தத் தொகுப்பில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1938இல் வந்த கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பல்கலைக்கழகப் பணியாளர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 1966 திருத்தம் அவர்களை உள்ளே விட்டது, ஆனால் தனி ஏணி போட்டு: 1967 பிப்ரவரியில் 1 டாலர், பிறகு ஆண்டுக்கு 15 சென்ட் ஏற்றம். மற்றத் தொழிலாளர் பெரும்பாலோருக்கு 1968 பிப்ரவரியிலேயே 1.60 வந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் பெருக்கித் துடைப்பவருக்கு 1.15 கொடுத்தால் போதும். 40 மணி நேர வாரத்துக்கு 18 டாலர் வித்தியாசம். புகையிலையிலும் மின்சாரத்திலும் சம்பாதித்த ஜேம்ஸ் டியூக் 1924இல் 4 கோடி டாலரில் நிறுவிய அறக்கட்டளையால் உருவான பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த சலுகை இது. ஆகவே 1.60 என்பது பேராசை எண் அல்ல. ஊரில் மற்றவர்களுக்குச் சட்டம் தரும் அடிமட்டக் கூலியை எங்களுக்கும் கொடுங்கள் என்பதே அதன் பொருள்.

இந்தக் கணக்கு மாணவர்கள் தலையில் உதித்ததா என்று தேடினால் வழி ஆலிவர் ஹார்வியிடம் போய் நிற்கிறது. 1951இல் டியூக்கில் துப்புரவாளராகச் சேர்ந்தவர். முதல் கறுப்பின இளநிலை மாணவர்கள் ஐந்து பேர் அங்கே நுழைந்தது 1963இல்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே இவர் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தார். 1965இல் சக ஊழியர்களைத் திரட்டி ஒரு நலச் சங்கம் அமைத்தார். அதே ஆண்டில் அது அரசு, நகராட்சி ஊழியர்களின் தேசியச் சங்கத்தில் 77ஆம் கிளையாக இணைந்தது. ஹார்வியின் தாள்களும் அதே நூலகத்தில்தான் இருக்கின்றன. 1967இல் சங்கம் மறியல் செய்தபோது முன்னே நின்ற பிரச்சினை கூலி அல்ல. ஊழியரின் முறையீட்டை நிர்வாகத்துக்கு வெளியே உள்ள நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது. புகாருக்கு ஆளானவரே தீர்ப்பும் சொல்லும் ஏற்பாட்டை உடைக்கப் பார்த்தார்கள்.

இதைப் படித்த பிறகு, சங்க அங்கீகாரம் பற்றிய நான்காவது கோரிக்கை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. தொழிலாளர்களின் பழைய கோரிக்கையின் தொடர்ச்சி அது.

கிங் கொல்லப்பட்டது ஏப்ரல் 4இல், மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாகப் போன இடத்தில். மறுநாள் மாணவர்கள் நைட்டின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். சுமார் 250 பேர் அங்கேயே தங்கினார்கள். உடல்நலம் குன்றியிருந்த நைட்டை மருத்துவர்கள் ஓய்வுக்கு அனுப்ப, கூட்டம் புல்வெளிக்கு மாறியது. ஏப்ரல் 10இல் அறங்காவலர் குழுத் தலைவர் ரைட் டிஸ்டேல் வந்தார். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் உயர் அதிகாரி அவர். 1969 ஜூலை 1க்குள் 1.60 டாலர் என்று அறிவித்துவிட்டு, மாணவர்களோடு கைகோத்துப் பாடவும் செய்தார்.

பெரிய வெற்றி என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டம் போட்ட ஏணியின்படியே 1971 பிப்ரவரியில் டியூக் 1.60 கொடுத்தாக வேண்டும். அறங்காவலர்கள் விட்டுக்கொடுத்தது 19 மாதங்களை. வீட்டு வாடகை கட்ட முடியாதவருக்கு 19 மாதம் சின்ன விஷயம் இல்லை. அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத சங்க அங்கீகாரத்தை அவர்கள் தரவில்லை. லாப நோக்கமற்ற பல்கலைக்கழகங்களின் தகராறுகளைத் தேசியத் தொழிலுறவு வாரியம் அப்போது விசாரிக்க மறுத்துவந்தது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழக வழக்கில் அது தன் நிலையை மாற்றிக்கொண்டது. அதன்பின் 1972இல், ஹார்வி சங்கம் தொடங்கி ஏழு ஆண்டு கழித்து, 77ஆம் கிளை அங்கீகாரம் பெற்றது.