கொழும்பு ஜின்

ஜூனிப்பர் காயின் மணம் மேலோங்கும் வடிமதுவான ஜின்னின் இலங்கை வகை. 1924இல் தொடங்கிய ரொக்லண்ட் வடிசாலை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதிச் சரக்குகள் அருகியதால் உள்நாட்டு வாசனைப் பொருள்களை நாடியபோது உருவானது. ஜூனிப்பர், கொத்தமல்லி, அதிமதுரம், அஞ்செலிக்கா வேர் ஆகியவற்றோடு இலங்கைக் கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை சேர்கின்றன. கறிவேப்பிலையின் பச்சை வாசமே இதன் தனிச்சிறப்பு.

மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளுக்குப் பழக்கமான பனஞ்சாராயத்தின் மணம் கள்ளிலிருந்தே வருவது. ஜின்னுக்கோ மணமற்ற மதுசாரத்தில் வாசனைச் சரக்குகளை இட்டு மீண்டும் வடிப்பர். ஜின் வகைகளுள் லண்டன் டிரை முறையில் வடித்தபின் சுவையூட்டுவதில்லை. ஓல்ட் டொம் வகை சற்று இனிக்கும். நெதர்லாந்தின் ஜெனீவரில் தானியச் சுவை முந்தும். கொழும்பு ஜின் லண்டன் டிரை வகையைச் சேர்ந்தது.