கேள்வி நேரத்தில் பிறந்த மருந்து



நியூஜெர்சியில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தியின் 12 வயதுப் பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம். கதிரியக்க அயோடின் ஊசி போடலாம் என்கிறாராம் மருத்துவர். "பூனைக்கு அணுகுண்டு மருந்தா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டிருந்தாள். பூனைக்கு இவ்வளவு செலவா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை. அணுகுண்டுக்கு முன்பே இந்த மருந்து வந்துவிட்டது அம்மா.

1936 நவம்பர் 12. பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி. இயற்பியலால் மருத்துவத்துக்கு என்ன பயன் என்று எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன் பேசினார். பேச்சு முடிந்ததும் சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா? டிசம்பர் 15 தேதியிட்ட கடிதத்தில் பதில் வந்தது: முடியும்.

ஏன் அயோடின்? நாம் உண்ணும் அயோடினைத் தைராய்டு சுரப்பிதான் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கதிர்வீசும் அயோடினைக் கொடுத்தாலும் அது அங்கேதான் போய்ச் சேரும். கத்தி வேண்டாம்.

1937இல் ஹெர்ட்ஸும் இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸும் 48 முயல்களிடம் இதைச் சோதித்தார்கள். கையில் இருந்தது அயோடின்-128. 25 நிமிடத்தில் பாதி போய்விடும். நம் பள்ளியில் ஒரு பீரியட் முடிவதற்குள் முக்கால்வாசி காலி! அந்த அவசரத்திலும் அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே பெர்க்லியில் லிவிங்குட்டும் சீபோர்கும் அயோடின்-131ஐக் கண்டுபிடித்தார்கள். அதன் அரை ஆயுள் 8 நாள். பின்னாளில் சீபோர்கின் தாயாருக்கே அது மருந்தானது.

1941 மார்ச் கடைசியில், எம்.ஐ.டி. சைக்ளோட்ரானில் தயாரான அயோடினை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு ஹெர்ட்ஸ் கொடுத்தார். மனிதருக்கு முதல் சிகிச்சை அதுதான். 1943இல் அவர் கடற்படைக்குப் போக, வேறொரு மருத்துவர் வேலையைத் தொடர்ந்தார். 1946 மே மாதம் இரு தரப்புக் கட்டுரைகளும் ஒரே மருத்துவ இதழில், ஒரே நாளில் வெளிவந்தன. ஹெர்ட்ஸ் 1950இல் 45 வயதில் இறந்தார். அவர் பெயர் வெகுகாலம் பின்னுக்கே போய்விட்டது. கேள்வி கேட்டவரை மறப்பது நமக்குப் புதிதா என்ன!

பூனையின் முறை தாமதமாகவே வந்தது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போகும், படபடப்போடு அலையும் வயதான பூனைகளுக்கு இருப்பது இதே நோய்தான் என்று நியூயார்க்கில் மார்க் பீட்டர்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல்தான் முதலில் பதிவு செய்தார்கள். 1995இல் பீட்டர்சனும் இன்னொருவரும் 524 பூனைகளுக்கு அயோடின் சிகிச்சை அளித்த அனுபவத்தை வெளியிட்டார்கள். 100க்குச் சுமார் 95 பூனைகளுக்கு ஒரே ஊசி போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் புற்றல்லாத கட்டி. அது அளவுக்கு மீறிச் சுரப்பதால் மூளையிலிருந்து "போதும்" என்று உத்தரவு வந்து, நல்ல திசு வேலையை நிறுத்திவிடுகிறது. கட்டி மட்டும் உத்தரவை மதிக்காமல் அயோடினை விழுங்குகிறது, அதனாலேயே அழிகிறது. அதை அழிக்கும் பீட்டா கதிர் 1, 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை.

ஆனால் அம்மா, முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல். தைராய்டு மிகுதி சிறுநீரகக் கோளாறை மறைத்து வைக்கும், சிகிச்சைக்குப் பின் அது வெளியே தெரியும். சில நாட்களோ அதற்கு மேலோ பூனையை மருத்துவமனையில் தனியாக வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் மடியில் வைத்துக் கொஞ்சாதே. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல். அதன் கழிவு மணலைத் தனியே மூடி வைக்கச் சொல்லக்கூடும். ஏன் என்று கேட்காதே, கணக்குப் போட்டுப் பார். 8 நாளுக்கு ஒருமுறை பாதி. 80 நாளில் 10 முறை பாதி, அதாவது 1024இல் ஒரு பங்கு.